கடலுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

மேசன் ஸைனுலாப்தீன் கட்டிய சுவர் விழுந்தது என்று கல்முனைக்குடியில் ஒரு வாயும் சொல்லாது. சுனாமி கொண்டுபோனதை அதில் சேர்க்கக் கூடாது. அது சுவரை மட்டுமா கொண்டுபோனது? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் சொல்லிவிட்டு, பதினோரு வயதில் சாந்துத் தாச்சி தூக்கப் போன மனிதர் அவர். இருபத்திரண்டில் தனியாக வீடு எடுத்துக் கட்டினார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் ஒரு வீட்டு வளவைக் கண்ணால் பார்த்தே நீள அகலம் சொல்லுவார். நாடா பிடித்துப் பார்த்தால் நாலு விரல் வித்தியாசம் வராது. படித்த இஞ்சினியர்மார் இரண்டு பேர் அவரோடு பந்தயம் கட்டித் தோற்று, முகம் கறுத்துப்போய்ப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தது ஊரறிந்த கதை.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வளவுக்குள்ளேதான், 2009ஆம் ஆண்டு ஆவணி மாதம், யுத்தம் முடிந்து மூன்று மாதம் ஆகும்போது, ஒரு ஜீப்பில் மூன்று பேர் வந்து இறங்கி நாடா பிடித்தார்கள். ஈரமணல் முடிகிற இடத்தில் ஒருவன் நாடாவின் நுனியை மிதித்துக்கொண்டு நின்றான். இன்னொருவன் தென்னைகளுக்கு நடுவால் அதை இழுத்து வந்து வீட்டு அத்திவாரத்தில் வைத்தான். மூன்றாவது ஆள் இளம் உத்தியோகத்தன், பெயர் சுஜீபன். கல்முனைத் தமிழ்ப் பகுதியில் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. அவன் கொப்பியில் எழுதிக்கொண்டு, அண்ணன் முறைக்குக் காக்கா போட்டுச் சொன்னான்:

"ஐம்பத்தெட்டு மீற்றர், காக்கா."

"தெரியும் தம்பி. நீங்க ஜீப்பால இறங்கக்குள்ளயே தெரியும்."

"அறுபத்தஞ்சு இருக்கவேணும்."

"நான் கட்டக்குள்ள எழுவத்திமூணு இரிந்திச்சு."

"இப்ப ஐம்பத்தெட்டுத்தானே காக்கா."

"அப்ப என்ன, நான் வீட்டத் தூக்கித் தலையில வெச்சிட்டுக் கடலுக்குக் கிட்டப் போனனா? நான் வெச்ச கல்லு வெச்ச இடத்திலதான் கெடக்கு. அசைஞ்சது அவர்." ஸைனுலாப்தீன் கடலைக் கைகாட்டினார். "நோட்டீஸ் குடுக்கிறண்டா அங்க போய்க் குடுங்க."

நாடா பிடித்தவன் சிரித்துவிட்டான். சுஜீபன் சிரிப்பைக் கொப்பியால் மறைத்தான். "சட்டம் கடல்ல இருந்துதான் அளக்கச் சொல்லுது காக்கா. நான் என்ன செய்ய?" என்றான். ஜீப் போனது. இரண்டு கிழமையில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. கரையோரத் தடை எல்லைக்குள் சட்டத்துக்கு மாறாகக் கட்டிய கட்டடத்தை மூன்று மாதத்துக்குள் அகற்ற வேண்டும், தவறினால் மெசின் கொண்டுவந்து உடைக்கப்படும் என்று எழுதியிருந்தது. குற்றம் செய்தவரின் பெயர் இருந்த இடத்தில் ஸைனுலாப்தீன் சிபானா என்றிருந்தது.

சிபானா அவருடைய ஒரே மகள். இருபது வயது. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து அவளுக்குக் கலியாணம். அந்த வீடு அவளுடைய சீதன வீடு.

இந்தக் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஆணுக்கு வீடு கிடையாது. எவ்வளவு பெரிய சம்பாத்தியக்காரனாக இருந்தாலும் கலியாணத்தன்று ஒரு பெட்டியோடு பெண்வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உம்மாவின் வளவு மகளுக்கு, மகளின் வளவு அவள் மகளுக்கு. மகளைப் பெற்ற தகப்பன் அவள் கலியாணத்துக்கு முன்னே வீடு கட்டி, காணி உறுதியையும் அவள் பெயரில் முடித்து வைப்பான். அதைச் செய்யாதவனை ஊர் தகப்பன் கணக்கில் வைக்காது. ஸைனுலாப்தீனும் அப்படித்தான் தன் மனைவி நாச்சியாவின் வீட்டுக்கு வந்தவர். முப்பது வருஷம் அவள் வீட்டில் சோறு தின்றார். அந்த வீட்டைத் தானே இரண்டு முறை உடைத்துப் பெரிதாகக் கட்டினார். ஆனால் யாராவது "உங்கட வீடு நல்லாரிக்கி" என்றால், "நாச்சியாட வீடு" என்று திருத்துவார். அது அவருக்குப் பெருமை.

அந்தப் பெருமைதான் அவருடைய காலை வாரியது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மாவடிப்பள்ளியில் ஒரு வீட்டுக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தார். சிபானா பெரிய றோட்டில் ரியூசன் வகுப்பிலிருந்து, ஓடுகிற சனத்தோடு சேர்ந்து மேற்கே ஓடித் தப்பினாள். நாச்சியா வீட்டிலிருந்தாள். மூன்றாம் நாள் அவளுடைய மையித்தைக் கண்டெடுத்தார்கள். வீடிருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது.

ஒரு மாதம் கழித்து, அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் படிவம் நிரப்ப ஓர் உத்தியோகத்தர் வந்தார். தூர மாவட்டத்து ஆள். இந்தக் கரையோரத்து வழக்கத்தைப் பற்றி ஒரு எழுத்தும் அறியாதவர்.

"குடும்பத் தலைவர் யார்?"

"நான்தான். ஸைனுலாப்தீன்."

"உங்களுக்குச் சொந்த வீடு இருந்ததா?"

"எனக்கா? எனக்கேது வீடு! வீடு பொஞ்சாதிட."

"அப்ப உங்களுக்குச் சொந்த வீடு இல்லை."

"இல்ல."

உள்ளதை உள்ளபடி சொன்ன திருப்தியோடு கையெழுத்து வைத்தார். அந்த ஒரு சொல்லில் போயிற்று எல்லாம். வீட்டுத்திட்டப் பட்டியல் வந்தபோது அவர் பெயர் இல்லை. போய்க் கேட்டால், "சொந்த வீடு இல்லையெண்டு நீங்களே கையெழுத்து வெச்சிருக்கீங்க" என்றார்கள். நாச்சியாவின் பெயர் இறந்தவர் பட்டியலில் இருந்தது; மவுத்தானவர்களுக்கு வீடு கொடுப்பதில்லையாம். சிபானாவுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் ஒரு குடும்பம் இல்லையாம். ஆக, ஊரே பார்க்க நின்ற ஒரு வீடு ஒருவருடைய வீடுமில்லாமல் போயிற்று! ஸைனுலாப்தீன் மட்டுமா? கல்முனைக்குடியில் எத்தனை ஆண்கள் அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லிவிட்டு, மரத்தடியில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்கள்! கேள்வியைப் பிழையாகக் கேட்டவன் சம்பளத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தான்.

வேறொருவராக இருந்தால் ஒப்பாரி வைத்திருப்பார். ஸைனுலாப்தீன் சாந்து பூசும் கரணையைக் கையில் எடுத்தார். கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள்; பிறகு அறுபத்தைந்து என்றார்கள். "சரி, சட்டமெண்டாச் சட்டம்" என்று அவரே நாடா பிடித்தார். கடற்கரையில் நின்று ஒருமுறைக்கு மூன்றுமுறை அளந்தார். வளவின் மேற்கு ஓரத்துக்கு, அடுத்த வீட்டு வேலி முட்டுகிற அளவுக்குப் பின்வாங்கி, எழுபத்துமூன்றாவது மீற்றரில் அத்திவாரம் வெட்டினார். சட்டம் கேட்டதற்கு மேலே எட்டு மீற்றர் அவர் கொடுத்த கொடை. தன் பங்கையும் சேர்த்து வளவை மகளின் பெயருக்கு எழுதினார். பகலில் மற்றவர்களின் வீடு கட்டி, பின்னேரம் மகளின் வீட்டில் நாலு வரிக் கல் வைத்து, மூன்று வருஷத்தில் முடித்தார். இடுப்புயரத் தூண்கள், மேலே கொங்கிரீட் தளம், ஐந்து படி ஏறித்தான் வாசல். பார்த்தவர்கள், "என்ன காக்கா, கப்பலா?" என்று கேட்டார்கள். "கப்பலெண்டாத் தாழும்" என்றார்.

அந்த வித்தை அவர் மாலைதீவில் படித்தது. எண்பதுகளில் ஏழு வருஷம் அங்கே மேசன் வேலை செய்தார். நம் ஊர்ப் பள்ளிவாசல் மினரா உயரத்துக்கு அங்கே ஏறினால் ஒரு முழுத் தீவையும் ஒரே பார்வையில் விழுங்கிவிடலாம் என்பார். பெரிய அலை வரும் மாதங்களில் பள்ளிக்கூட வகுப்பறைக்குள் மீன்குஞ்சு ஓடியதைக் கண்டவர். அங்கே அவரோடு வேலை செய்த ஹுஸைன்பே என்கிற கிழவர் ஒருமுறை சொன்னாராம்: "உனக்கு ஓட மலை இருக்கிறது. எங்களுக்குத் தென்னைமரம்தான் மலை. அதில் எத்தனை பேர் ஏறலாம்?"

யுத்தம் நடந்த காலத்தில் ஒரு நாயும் வந்து அளக்கவில்லை. வந்த அதிகாரி இராணுவச் சென்றியைத் தாண்டாமலே திரும்பிப் போவார். யுத்தம் முடிந்தது, சென்றிகள் எடுபட்டன, சனம் ஒருமுறை மூச்சு விட்டது. அந்த மூச்சு உள்ளே போகுமுன் நாடா வந்துவிட்டது! மூன்று வருஷத்தில் பதினைந்து மீற்றர் கரையைக் கடல் தின்றதை ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஆறு வரி தென்னையில் இரண்டு வரி வேர் தெரியச் சாய்ந்து கடலில் விழுந்தபோது ஒரு கடிதம் வரவில்லை. வீட்டுக்குக் கரண்ட் கேட்டு நாலு முறை எழுதியதற்குப் பதில் இல்லை. உடைக்க மட்டும் கடிதம், அதுவும் பதிவுத் தபாலில்.

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை, மாப்பிள்ளை நஸீமின் மாமா ஷரிபுதீன் மாவடிப்பள்ளியிலிருந்து வந்தார். நஸீமுக்குத் தகப்பன் இல்லை. கதை பேச்செல்லாம் இந்தத் தாய்மாமன்தான். கதிரையில் இருந்தார், தேத்தண்ணி குடித்தார், கூரையைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார்.

"வேல ஒண்ணாம் நம்பர், ஸைனுலாப்தீன் காக்கா. அதில கத இல்ல."

"இல்லத்தான்."

"ஆனா உடைக்கப்போற வீடாமே?"

"ஆரு சொன்ன?"

"ஆரு சொல்லல்ல? மாவடிப்பள்ளிச் சந்தியில மீன் விக்கிறவனும் சொல்றான். எங்கட புள்ள வந்து குடியிரிக்க, மெசின் வந்து கதவத் தட்டினா நல்லாவா இரிக்கும்? ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னுக்கு ஒரு முடிவச் சொல்லுங்க. இல்லாட்டி…" மிச்சத்தைச் சொல்லாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

அறைக்கதவுக்குப் பின்னால் சிபானா நின்றது ஸைனுலாப்தீனுக்குத் தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் றஸாக்கின் தேத்தண்ணிக் கடையில் பேப்பரைச் சுற்றிச் சிரிப்பு. மாலைதீவு மந்திரிமார் கடலுக்கடியில் மேசை போட்டு, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கூட்டம் வைத்த படம் வந்திருந்தது.

"இஞ்ச பாருங்க காக்கா," றஸாக் பேப்பரை நீட்டினான். "ஒங்கட பழைய மொதலாளிமார் மீனுக்குச் சட்டம் எழுதப் போய்ட்டாங்க!"

ஸைனுலாப்தீன் படத்தைக் கையில் வாங்கினார்.

"சிரி றஸாக்கு. நல்லாச் சிரி. அவனுகள் நாட்ட இழக்கப்போறானுகள். தண்ணிக்குக் கீழ போய்க் கத்தினாலாவது ஒலகத்துக்குக் கேக்குமா எண்டு பாக்கிறானுகள். ஒண்ட கடைக்கும் கடலுக்கும் எவ்வளவு?"

"அது… நூத்தம்பது இரிக்கும்."

"நூத்தி முப்பத்தாறு. போன வருசம் நூத்தி நாப்பத்தொண்டு. இப்பச் சிரி."

றஸாக் பேப்பரை மடித்துப் பெட்டிக்கடியில் வைத்தான்.

அந்த மாதக் கடைசியில் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. சிபானாவையும் கூட்டிக்கொண்டு போனார். காரியாலய மண்டபத்தில் அவர்களைப் போலக் கரையோரக்காரர் நாற்பது பேர் இருந்தார்கள். விசாரணைக்கு முன்னே ஒரு விளக்கக் கூட்டமாம். கொழும்பிலிருந்து வந்த படித்த மனிதர் ஒருவர், சுவரில் படம் காட்டி, காலநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினார். பனிமலை உருகுவதைக் காட்டினார். கடல் ஏறுவதைக் காட்டினார். கடைசியில், "நீங்கள் இயற்கையோடு ஒத்து வாழப் பழக வேண்டும்" என்றார்.

ஸைனுலாப்தீன் எழும்பினார்.

"ஐயா, ஒரு கேள்வி. கடல் ஏன் ஏறுதெண்டு சொன்னீங்க?"

"உலகம் சூடாகிறது பெரியவர். தொழிற்சாலைகள், வாகனங்கள் விடுகிற புகை."

"நம்மட ஊரில எத்தின தொழிற்சாலை இரிக்கி?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ரெண்டு ஐஸ் பெக்டரி இரிக்கி காக்கா!"

"அது குளிரத்தானே போடுது!" என்றது இன்னொரு குரல். மண்டபம் சிரித்தது.

ஸைனுலாப்தீன் சிரிக்கவில்லை. "எண்ட வாகனம் ஒரு பழைய சைக்கிள். எண்ட மகள்ட வீட்டில கரண்ட் இல்ல, கேட்டுப் பாத்தன், தரல்ல. லாம்பு ரெண்டு இரிக்கி. அந்த ரெண்டு லாம்புப் புகையிலயா பனிமலை உருகின?"

"அப்படி யாரும் சொல்லவில்லை பெரியவர்…"

"சொல்லல்ல. எழுதியிரிக்கீங்க. பதிவுத் தபால்ல எண்ட மகள்ட பேருக்கு எழுதியிரிக்கீங்க. புகை விட்டவனுக்கு எத்தின நோட்டீஸ் போச்சு? அதச் சொல்லுங்க, நான் குந்துறன்."

படித்தவர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தார். சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது என்று யாரோ அறிவித்தார்கள். கேள்வி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நிற்க, சனம் பார்சலுக்கு வரிசையில் நின்றது. ஸைனுலாப்தீன் பார்சல் எடுக்கவில்லை. "எண்ட வீட்ட உடைக்கிறவன்ட சோறு எனக்கு இறங்காது" என்றார். சிபானா ஒன்று எடுத்தாள். "நமக்கு வந்த சோத்த விட்டாலும் வீடு உடைக்கத்தான் போறாங்க வாப்பா" என்று பக்கத்திலிருந்த வயதான பெண்ணுக்குக் கொடுத்தாள்.

விசாரணை மேசையில் ஒரு மேலதிகாரியும் பக்கத்தில் சுஜீபனும் இருந்தார்கள். மேலதிகாரி முகத்தை நிமிர்த்தாமலே கேட்டார்: "தடை எல்லைக்குள் ஏன் கட்டினீர்கள்?"

"நான் எல்லைக்கு வெளியதான் கட்டின. எல்லதான் எண்ட வீட்டுக்குள்ள வந்திச்சு."

"சுனாமியில் போன வீடா?"

"அது வேற வீடு. அது பொஞ்சாதிட. இது மகள்ட."

"அப்படியானால் இது சட்டத்துக்கு மாறான கட்டடம்."

"தெக்குப் பக்கமா உல்லாச விடுதி ஒண்டு எழும்புது. மதில் கட்ட என்னையும்தான் கூப்பிட்டாங்க. கண்ணால அளந்தன், முப்பது மீற்றர். அதுக்கு?"

"அதற்கு விசேட அனுமதி இருக்கும்."

"கடலுக்கிட்டயும் அனுமதி எடுத்தாச்சா?"

மேலதிகாரி பேனையை மேசையில் போட்டார். சுஜீபன் குனிந்து மெல்லச் சொன்னான்: "காக்கா, இந்தப் படிவத்தில ரெண்டு பெட்டிதான் இருக்கு. ஒண்டு, சுனாமியில போன வீடு. மற்றது, சட்டத்துக்கு மாறாக் கட்டின வீடு. முதலாவதில போட்டா மாற்றுக் காணி குடுக்கலாம். ரெண்டாவதெண்டா ஒண்டுமில்ல."

"கடல் கொஞ்சங்கொஞ்சமா வந்து தின்ன வீட்டுக்கு எந்தப் பெட்டி?"

"அதுக்குப் பெட்டி போடல்ல காக்கா."

ஸைனுலாப்தீன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். அந்தக் கைகளில் சீமெந்து தின்ற வெடிப்புகள். "ஒரே நாளில வந்து எண்ட பொஞ்சாதியத் தின்டா அது அனர்த்தம். மூணு வருசமா வந்து எண்ட மகள்ட வீட்டத் தின்டா அது எங்கட குத்தம். அப்பிடித்தானே?"

மேலதிகாரி பேனையை எடுத்தார். இரண்டாவது பெட்டியில் கீறல் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸைனுலாப்தீன் சத்தியம் போட்டார். வழக்குப் பேசக் கோட்டுக்குப் போவேன், மெசின் வந்தால் குறுக்கே படுப்பேன், என் மகள் இந்த வீட்டில்தான் மணவறை ஏறுவாள் என்றார். அவர் சொன்னால் செய்கிற ஆள். ஊரும் பயந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் ஓர் ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவள் நஸீமின் உம்மா கமீலா. கூட ஆள் இல்லை. வீட்டுக்குள் வராமல் முதலில் கடற்கரைக்குப் போய், விழுந்து கிடந்த தென்னைகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"காக்கா, எங்கட தம்பி ஷரிபுதீன் இஞ்ச வந்து கதைச்சது எனக்குப் பொறகுதான் தெரியும். மனசில வெக்காதீங்க. அவன் நெல்லுச் சாக்கு நிறுக்கிற மாதிரித்தான் மனிசரையும் நிறுக்கிற."

"வெக்கல்ல புள்ள. இரிங்க."

"எனக்கு மூணும் ஆம்புளப் புள்ள. எங்க உம்மாட வளவு மாவடிப்பள்ளியில சும்மா கெடக்கு. அத ஆருக்குக் குடுக்க? பொம்புளட வளவு பொம்புளக்குத்தான் போகணும். சிபானாக்கு எழுதுறன். நீங்க அதில வீட்டக் கட்டுங்க."

ஸைனுலாப்தீன் துள்ளி எழும்பினார். "மாப்புள ஊட்டு மண்ணில நான் மகளக் குடிவெக்கிறதா? ஸைனுலாப்தீன் மகளுக்கு ஒரு பிடி மண்ணில்லாம அனுப்பினானெண்டு ஊர் சிரிக்கவா?"

"மாப்புளட மண்ணெண்டு ஆரு சொன்ன?" கமீலாவும் விடவில்லை. "எண்ட உம்மாட மண். நஸீமுக்கு அதில ஒரு அடியும் இல்ல. நாளைக்குச் சண்ட புடிச்சா அவன்தான் பெட்டியத் தூக்கிட்டு வெளிய போகணும். உறுதியில அப்பிடியே எழுதச் சொல்றன், போதுமா?"

உள்ளேயிருந்து சிபானா சிரித்தது கேட்டது. பிறகு அவள் வெளியே வந்தாள்.

"வாப்பா, நோட்டீஸ் எண்ட பேருக்கு வந்த. வீடும் எண்ட பேரில. நான் ஒண்டு கதைக்கலாமா?"

"கதை."

"நீங்க கோட்டுக்குப் போனா வெல்லுவீங்க. ஒங்கட வாய்க்கு ஜட்ஜும் பயப்புடுவாரு. ஆனாக் கடல் கோட்டுக்கு வராது வாப்பா. அது நேரா இஞ்சதான் வரும். உம்மாவ எடுத்தது காணும். இந்த வீட்டில நான் ஒவ்வொரு வாடைக்காத்துக்கும் கதவத் தொறந்து அளந்துட்டு இரிக்க ஏலாது."

தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஸைனுலாப்தீன் தூண்களைச் சுற்றி நடந்தார். பிறகு கமீலாவைப் பார்த்துச் சொன்னார்: "மண்ணுதான் ஒங்கட. மேல வைக்கிற ஒரு கல்லும் ஒங்கட இல்ல. ஒரு கதவு, ஒரு ஆணி ஒங்கட ஆக்கள் தரப்படாது. ஓமெண்டாச் சொல்லுங்க."

"ஓம் காக்கா. ஆணியும் தரமாட்டன்."

மறுநாள் காலை அலவாங்கு என்கிற கடப்பாரையோடு கூரையில் ஏறினார். அறுபது வயது கழிந்த மனிதர், தான் வைத்த வீட்டைத் தானே கழற்றினார். உடைக்கவில்லை, கழற்றினார். ஓடு ஒவ்வொன்றாக இறங்கியது. நிலை, கதவு, யன்னல் கம்பி எல்லாம் வைத்த வரிசைக்கு இறங்கின. கல்லில் ஒட்டிய சாந்தைச் சிபானா தட்டிக் கொடுத்தாள். ஒரு கல்லும் சும்மா வரவில்லை. ஒவ்வொன்றையும் மல்லுக்கட்டித்தான் பிடுங்க வேண்டியிருந்தது. "பாத்தியா, எவ்வளவு இறுக்கமாக் கட்டியிரிக்கன்!" என்று அவர் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் உதவிக்குக் கை வைத்தார்கள். "இறைவன் நாடினது" என்றார் ஒருவர். "அல்லாஹ்வ இதுக்குள்ள இழுக்காத," ஸைனுலாப்தீன் சீறினார். "அவன் கடலப் படைச்சான், கரையையும் படைச்சான். புகை விட்டது மனிசன். நாடா பிடிச்சதும் மனிசன்."

நஸீம் உழவு மெசினில் இழுவைப் பெட்டி பூட்டிக்கொண்டு வந்தான். பதினெட்டு நடை. மாவடிப்பள்ளியில் தூண்கள் எழும்பின. அங்கே கடல் இல்லை. ஆனால் மழைக்கு ஆறு பெருகி வயலெல்லாம் வெள்ளம் நிற்கும். ஆகவே அங்கும் ஐந்து படி. கலியாணம் பெருநாளுக்கு அடுத்த கிழமையிலிருந்து தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. ஷரிபுதீன் வாயைத் திறக்கப் பார்த்தபோது அவருடைய ராத்தா கமீலா ஒரு பார்வை பார்த்தாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

கடைசி நடைக்கு நிலைக்கதவு மட்டும் மிச்சமிருந்த அன்று, சுஜீபன் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தான். வெறும் அத்திவாரக் குழியை எட்டிப் பார்த்தான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"காக்கா, ஒரு கையெழுத்து. பைலை மூட வேணும். உரிமைக்காரி வைக்க வேணும்."

"வாசி மகள்," என்றார் ஸைனுலாப்தீன்.

சிபானா வாசித்தாள்: "சட்டத்துக்கு மாறாகக் கட்டிய எனது கட்டடத்தைச் சுயவிருப்பின் பேரில் அகற்றினேன் என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்."

"சுயவிருப்பு!" ஸைனுலாப்தீனின் கழுத்து நரம்பு புடைத்தது. "பாத்தியா எழுத்த! தின்டவன் கடல், துரத்தினவன் நீங்க, கழட்டினது எங்கட விருப்பமாம்! தம்பி, இதில எண்ட மகள் கையெழுத்து வெச்சா, நாளைக்கு இந்தக் கரை முழுக்க ஆரும் ஒண்டையும் இழக்கல்ல, எல்லாரும் விருப்பப்பட்டு எழும்பிப் போனாங்கெண்டு எழுதிவெப்பீங்க. கேக்க ஒரு நாதி இரிக்காது."

சிபானா சுஜீபனிடம் பேனையை வாங்கினாள். எழுதியிருந்த வரியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டினாள். அதற்குக் கீழே, வாப்பா சொல்லச் சொல்ல, தெளிவான எழுத்தில் எழுதினாள்: கடலிலிருந்து எழுபத்துமூன்று மீற்றரில் சட்டப்படி கட்டிய வீடு. கடல் பதினைந்து மீற்றர் உள்ளே வந்ததால் கழற்ற நேர்ந்தது. எங்கள் விருப்பம் இதில் இல்லை. கீழே கையெழுத்து வைத்து, திகதியும் போட்டாள்.

"இத மேலதிகாரி ஏற்கமாட்டார் தங்கச்சி," என்றான் சுஜீபன்.

"ஏற்காட்டித் திருப்பி அனுப்பட்டும். திரும்பவும் இதையேதான் எழுதுவன்."

சுஜீபன் தாளை மடித்தான். மடித்ததைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"வாற கிழமை எங்கட பக்கம் அளக்கிற காக்கா. எங்கட அப்பாட வீடு, தோணி இழுக்கிற இடத்துக்குப் பின்னால. நாப்பது கூட வராது. நான்தான் நாடா பிடிக்கவேணும்."

ஸைனுலாப்தீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று மாதமாக அவன் மீது வைத்திருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அது இன்னும் பெரிதாகி வேறெங்கோ திரும்பிவிட்டது போலிருந்தது.

"அந்த வீடு கட்டக்குள்ள எத்தின மீற்றர் இரிந்திச்செண்டு அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியாது. அப்பா அளக்கல்ல."

"நான் வாறன். பழைய கிணறு, மரக்குத்தி ஏதும் தண்ணிக்குள்ள கெடக்கும். அதப் பாத்து நான் சொல்றன், எவ்வளவு இரிந்ததெண்டு. நீங்க உங்கட கொப்பியில ரெண்டு கணக்கையும் எழுதுங்க. ஒண்ட மட்டும் எழுதினீங்கெண்டா, தம்பி, உங்கட அப்பாவையும் கள்ளனாக்கிப் போடுவாங்க."

அவர் நிலைக்கதவின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மற்றப் பக்கத்தைச் சுஜீபன் தூக்கினான். இருவருமாக இழுவைப் பெட்டியில் ஏற்றினார்கள்.